மியூசிக்குக்குள் எதெல்லாம் இருந்தது?

கி.மு. 399. ஏதென்ஸ் சிறையில் சாக்ரடீஸுக்குக் கடைசி நாள். பார்க்க வந்த நண்பர்களில் ஒருவர் ஊரில் பலர் தன்னிடம் கேட்டிருந்த சந்தேகத்தைக் கேட்கிறார்: ஆயுள் முழுக்கச் செய்யுள் பக்கமே போகாத மனிதர், சிறைக்கு வந்த பிறகு ஈசாப் கதைகளை எடுத்துச் செய்யுளாக்கிக்கொண்டிருக்கிறாரே, அப்பல்லோ தெய்வத்துக்கு ஒரு துதியும் கட்டியிருக்கிறாரே, என்ன விஷயம்? சாக்ரடீஸ் சொல்கிறார்: எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும், 'மூசிக்கே செய், அதிலேயே உழைத்துக்கொண்டிரு' என்று சொல்லும், தத்துவம்தானே இருப்பதிலேயே பெரிய மூசிக்கே, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமே, விடாமல் செய் என்று தட்டிக்கொடுக்கிறது போல என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், ஒருவேளை ஊரார் சொல்கிற சாதாரண மூசிக்கேயைத்தான் சொல்லியிருந்தால்? போகிறதுக்கு முன்னால் அதையும் செய்து வைத்துவிடுவோமே என்றுதான்.

பிளேட்டோவின் 'பைடோ' உரையாடலில் வரும் இடம் இது. மூசிக்கே என்பதுதான் இன்றைய மியூசிக்கின் கொள்ளுத்தாத்தா. அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தால் தலை சுற்றும். தத்துவம் எப்படி மியூசிக் ஆகும்? சரி, அதைப் 'பெரிய' மூசிக்கே என்று தள்ளி வைத்தாலும், 'சாதாரண' மூசிக்கே என்று அவர் செய்தது என்ன? கதையைச் செய்யுளாக எழுதியது. யாழைத் தொட்டதாகவோ சுதி சேர்த்ததாகவோ ஒரு பேச்சும் அங்கே இல்லை.

மூசிக்கே என்பது முதலில் ஒரு பெயர்ச்சொல்லே இல்லை, அடைமொழி. முழுப்பெயர் 'மூசிக்கே தெக்னே', அதாவது மூசாக்களுக்கு உரிய கலை. கடையில் 'பொன்னி ரெண்டு கிலோ' என்று கேட்கும்போது அரிசி என்ற சொல் உதிர்ந்துபோகிற மாதிரி 'தெக்னே' உதிர்ந்து, அடைமொழியே பெயராக நின்றுவிட்டது. லாஜிக், பிசிக்ஸ், அரித்மெட்டிக் எல்லாவற்றின் வாலும் இதே வால்தான்.

மூசா என்பவர்கள் ஒன்பது தெய்வப் பெண்கள். அப்பா சீயுஸ், அம்மா நெமோசினி. அம்மாவின் பெயருக்கு நினைவு என்று பொருள். யார் யாருக்கு எந்தத் துறை என்பது பின்னால் வந்தவர்கள் பிரித்துக் கொடுத்ததுதான், ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்தால் சொல்லின் பழைய அகலம் புரிந்துவிடும். டெர்ப்சிகோரிக்கு ஆடல், யூட்டர்பிக்குக் குழல், மெல்போமினிக்குச் சோக நாடகம், தாலியாவுக்கு நகைச்சுவை நாடகம். கிளையோவுக்கு வரலாறு. யுரேனியாவுக்கு வானியல்! இவர்களைப் பற்றி முதலில் விரிவாகப் பாடிய ஹீசியாட், தான் ஹெலிகான் மலையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது அவர்களே வந்து தன்னைக் கவிஞனாக்கினார்கள் என்கிறார். அப்போது அவர் கையில் அவர்கள் கொடுத்தது வாத்தியம் எதுவும் இல்லை, லாரல் என்ற மரத்தின் கிளையை ஒடித்துச் செய்த கோல். கூடவே 'உண்மை போலவே பொய் சொல்லவும் எங்களுக்குத் தெரியும், நினைத்தால் உண்மையைச் சொல்லவும் தெரியும்' என்று ஒரு எச்சரிக்கை. முழுக்க முழுக்கச் சொல்லின் சங்கதி, சுரத்தின் சங்கதி இல்லை.

மூசா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நினைப்பது, சிந்திப்பது என்ற பொருள் கொண்ட பழைய இந்தோ-ஐரோப்பிய வேரோடு சேர்ப்பவர்கள் ஒரு பக்கம். வடமொழி மனஸ், மந்திரம் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை, அதனால் நமக்கு இந்த விளக்கம் சட்டென்று பிடித்துப்போகும். மலையைக் குறிக்கும் வேரோடு சேர்ப்பவர்கள் இன்னொரு பக்கம். பிளேட்டோ தன் பங்குக்குத் 'தேடுதல்' என்ற வினையிலிருந்து வந்தது என்று சொல்லிவைத்தார். இடைக்கால ஐரோப்பியர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், எகிப்து மொழியில் 'மோய்ஸ்' என்றால் தண்ணீர், அதிலிருந்துதான் மூசிகா என்று எழுதிவைத்தார்கள். சொல்லாராய்ச்சி என்ற பெயரில் இஷ்டத்துக்கு அடித்துவிடும் பழக்கம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் தொடங்கியது இல்லை.

இதே குடும்பத்தில் மியூசியமும் உண்டு. மூசாக்களின் கோயில் 'மூசேயோன்'. அலெக்சாண்ட்ரியாவில் இருந்த மூசேயோன் அறிஞர்கள் தங்கி ஆராய்ச்சி செய்கிற இடம், பேர்போன அந்த நூலகம் அதன் பகுதிதான். அது ரோம் வழியாக ஐரோப்பா போய், அங்கிருந்து எழும்பூருக்கு வந்து, பழைய மெட்ராஸ்காரர்கள் வாயில் 'செத்த காலேஜ்' ஆனது தனிக் கதை. அம்யூஸ்மென்ட் பார்க்கில் உள்ள 'மியூஸ்' மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, அது வாயைப் பிளந்து நிற்பது என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

அந்தக் காலக் கிரேக்கத்தில் பாட்டு எழுதுவதும் மெட்டுப் போடுவதும் ஆட்டம் அமைப்பதும் ஒரே ஆள் வேலை. கவிஞர் பிண்டர் என்ன, நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸ் என்ன, எல்லாரும் வரியும் எழுதினார்கள், பண்ணும் அமைத்தார்கள், ஆடுகிற குழுவுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் உடம்புக்கு உடற்பயிற்சி, உள்ளத்துக்கு மூசிக்கே என்று பிரித்துவிட்டு, மூசிக்கேயில் முதல் பாடமாகக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளைப் பற்றித்தான் பேச ஆரம்பிக்கிறார். பக்கம் பக்கமாகக் கதை, கவிதை, நடிப்பு என்று போய், மூன்றாம் புத்தகத்தில்தான் பாட்டுக்கே வருகிறார். வந்ததும் போடுகிற விதி: பாட்டு என்பது சொல், சுர அமைப்பு, தாளம் என மூன்றும் சேர்ந்தது, பின்னது இரண்டும் சொல்லுக்குப் பின்னால் நடக்க வேண்டும். படித்த, பண்பட்ட ஆளுக்கு 'மூசிக்கோஸ்' என்று பெயர். வாத்தியம் வாசிக்கத் தெரியாதவனையெல்லாம் அதற்கு எதிர்ச்சொல்லால் திட்டவில்லை, ரசனை இல்லாத முரடனைத் திட்டினார்கள்.

ஆனால் பிளேட்டோ அப்படி விதி போடுகிறார் என்றாலே ஊரில் அது மீறப்பட்டுக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஏதென்ஸில் ஆலோஸ் ஊதுகிறவர்கள் பெரிய நட்சத்திரங்கள் ஆகிவிட்டார்கள். ஆலோஸைப் புல்லாங்குழல் என்று மொழிபெயர்த்து விடுகிறார்கள், அது தப்பு. அது நம் நாகசுரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுகிற சாதி, இரட்டைக் குழல், சத்தமும் அப்படித்தான் இருந்திருக்கும். அதற்கும் முந்தைய தலைமுறையைச் சேர்ந்த பிராடினாஸ் என்ற கவிஞரின் ஒரு துண்டுப் பாட்டு கிடைத்திருக்கிறது. பாட்டுத்தான் அரசி, ஆலோஸ் வேலைக்காரன், அவன் பின்னால்தான் ஆடிக்கொண்டு வரணும் என்று அதில் கொதிக்கிறார். பிளேட்டோவும் வயதான காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் அதே புலம்பல்: சொல் இல்லாமல் வெறும் வாத்தியத்தை மட்டும் வாசித்தால் அது எதைச் சொல்ல வருகிறது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

புலம்பி என்ன பயன். அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலில் பையன்களுக்கான பாடங்களை அடுக்கும்போது எழுத்து, உடற்பயிற்சி, மூசிக்கே, ஓவியம் என்று நான்காக எழுதுகிறார். எழுத்து தனி, மூசிக்கே தனி. ஆசிரியர் பிளேட்டோவுக்கும் மாணவர் அரிஸ்டாட்டிலுக்கும் நடுவில் சொல் பாதியாகச் சுருங்கிவிட்டது. நாட்டியம், கவிதை, நாடகம் எல்லாம் சொந்தப் பெயர் வாங்கிக்கொண்டு வெளியேற, கடைசியில் வீட்டில் தங்கிய பிள்ளைக்கு வீட்டின் பெயரே சொந்தமாகிவிட்டது.

ரோமுக்குப் போய் மூசிகா ஆனதும் அதற்கு வேறு ஒரு கிறுக்குப் பிடித்தது, கணக்கு. நரம்பைச் சரிபாதியாக்கினால் மேல் ஸ்தாயி, மூன்றுக்கு இரண்டு என்றால் பஞ்சமம், நான்குக்கு மூன்று என்றால் சுத்த மத்யமம் என்ற விகிதங்கள் பித்தாகரஸ் பெயரில் ஏற்கெனவே புழங்கின. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய அறிஞர் போயத்தியஸ் எழுதிய நூல் அதை வைத்து மூசிகாவை மூன்றாகப் பிரித்தது. முதலாவது பிரபஞ்சத்தின் மூசிகா: கோள்களின் ஓட்டம், பருவங்களின் ஒழுங்கு. அடுத்தது மனிதனுக்குள் இருப்பது: உடலும் உயிரும் ஒத்துப்போவது. கருவியிலிருந்து வருவது கடைசி. அதாவது காதில் கேட்கிறதுதான் இருப்பதிலேயே மட்டம். பாடுகிறவனும் வாசிக்கிறவனும் மூசிகஸ் ஆக மாட்டார்கள், விகிதம் தெரிந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவனே மூசிகஸ். பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் எண்கணிதம், வடிவியல், வானியல் மூன்றோடு நான்காவதாக உட்கார்ந்திருந்தது இந்த மூசிகாதான். 11ஆம் நூற்றாண்டில் கீடோ, கோடு போட்டு சுரம் எழுதும் முறையை வளர்த்துக் கொடுத்த அதே ஆள், மூன்று வரி லத்தீன் செய்யுளில் பாடகர்களை வாரிவிட்டார்: மூசிகஸுக்கும் பாடகனுக்கும் ரொம்ப தூரம், இவன் பாடுகிறான், அவனுக்குத் தெரியும், தெரியாததைச் செய்கிறவன் மிருகம். நம்ம ஊர் சபாவில் முதல் வரிசையில் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே பாடகரை முறைக்கும் மாமாக்களுக்கு இவ்வளவு நீண்ட பரம்பரை இருக்கிறது.

1300 வாக்கில் பாரிஸில் யோஹானஸ் தெ குரோக்கியோ என்பவர்தான் இந்தப் பிரபஞ்ச மியூசிக்கை நேராகப் பார்த்து, யாருக்கைய்யா கேட்டது, உடம்பின் வாகு சத்தம் போட்டு எவன் கேட்டான் என்று கேட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். தெருவில் என்ன பாடுகிறார்கள், வேலைக்காரர்கள் எதைக் கேட்கிறார்கள், எந்தப் பாட்டுக்கு எப்படி ஆடுகிறார்கள் என்பதையெல்லாம் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

இன்னொரு கிளை கிழக்கே போனது. கிரேக்க நூல்கள் பாக்தாதில் அரபிக்கு மாறிய காலத்தில் சொல்லும் 'மூசீக்கி' ஆகக் கூடவே போனது. 950இல் இறந்த அல்-ஃபாராபியின் பெரிய நூலுக்கே அதுதான் பெயர், கிதாப் அல்-மூசீக்கி அல்-கபீர். ஆனால் அரபியில் பாட்டுக்குச் சொந்தச் சொல் 'கினா' ஏற்கெனவே இருந்தது. மூசீக்கி என்பது படித்தவர்களின் கலைச்சொல்லாகத்தான் நுழைந்தது. அங்கே சுவாரசியம் என்னவென்றால், எது அதற்குள் வராது என்பது. குர்ஆனை ஓதுவதற்கு நுணுக்கமான உச்சரிப்பு விதிகள் உண்டு, காரிகள் எனப்படும் தேர்ந்த ஓதுநர்கள் மகாம் என்ற பண் முறைகளில் ஏறி இறங்கி ஓதுவார்கள், வெளியிலிருந்து கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு 'என்ன அருமையான பாட்டு' என்பார். ஆனால் அதை யாரும் மூசீக்கி என்று சொல்ல மாட்டார்கள். அது கிராஅத், திலாவத், அதாவது ஓதல். எகிப்தின் உம் குல்தூம் குரலுக்குப் பயிற்சி கிடைத்ததே சிறுவயதில் குர்ஆன் ஓதியதில்தான், ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு கோடுதான்.

நமக்கும் அந்தக் கோடு தெரியும். தமிழ் முஸ்லிம் வீட்டில் குர்ஆன் 'ஓதுகிறார்கள்'. சிவன் கோயிலில் தேவாரம் பாடுகிறவருக்குப் பெயர் 'ஓதுவார்'. பல பதிகங்களுக்கு மேலே பண் போட்டிருக்கிறது, காந்தாரம், கொல்லி, நட்டபாடை என்று. 'தமிழோடு இசைபாடல் மறந்தறியேன்' என்று அப்பரே பாடியிருக்கிறார். இருந்தாலும் அதைக் கோயிலில் பாடுகிறவர் பாடகர் இல்லை, ஓதுவார்.

மூசிக்கேக்கு நடந்த சுருக்கம் வடமொழிச் சங்கீதத்துக்கும் நடந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் பாட்டு, வாத்தியம், ஆடல் மூன்றும் சேர்ந்ததே சங்கீதம் என்று தெளிவாகச் சொல்கிறது. இன்றைக்குச் சங்கீதக் கச்சேரி என்று போட்டுவிட்டு மேடையில் யாராவது ஆடினால் டிக்கெட் வாங்கினவர் எழுந்து போய்விடுவார். நைஜீரியாவின் இக்போ மொழியில் 'ங்க்வா' என்ற சொல் பாடுவது, வாசிப்பது, ஆடுவது மூன்றையும் இன்னமும் பிரிக்காமல் வைத்திருக்கிறது. சீன எழுத்தில் இசைக்கும் மகிழ்ச்சிக்கும் ஒரே உருதான், உச்சரிப்பு மட்டும் வேறு.

தமிழ் வேறு பக்கமிருந்து வருகிறது. 'இசை' என்ற சொல் தெய்வத்திடமிருந்தும் வரவில்லை, கலையைக் கட்டாகக் கட்டியும் வரவில்லை. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். கூட்டத்தில் 'இசைவு தெரிவித்தார்' என்று எழுதுகிறோமே, அது. வள்ளுவர் 'ஈதல் இசைபட வாழ்தல்' என்னும்போது அது புகழ். தொல்காப்பியத்தில் உரிச்சொல்லைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வெறும் ஓசை. பாட்டுக்கான பொருளை அடியார்க்கு நல்லார் சிலப்பதிகார உரையில் எடுத்துக்காட்டும் ஒரு பழைய வெண்பா மூன்றே சொல்லில் முடிக்கிறது: 'பாவோடு அணைதல் இசை'. பாட்டின் சொல்லோடு சேர்ந்தால் இசை. பிளேட்டோ கேட்டிருந்தால் எழுந்து கை கொடுத்திருப்பார். கட்டுக்கு நாம் வைத்த பெயரோ முத்தமிழ். இயலும் இசையும் நாடகமும் மொழிக்குள்ளேயே அடங்கிவிட்டன.

இங்கே ஒரு வேடிக்கை. மியூசிக் என்ற சொல் தமிழ்ப் பேச்சுக்குள் வந்து என்ன ஆனது என்று கவனித்தால், 'பாட்டு நல்லாருக்கு, மியூசிக் சுமார்' என்கிறோம். 'பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல ஒரு மியூசிக் வருமே' என்கிறோம். பாடகர் வாயை மூடினதும் வருவது மியூசிக், திறந்தால் அது பாட்டு. சொல்தான் தலை என்று சத்தியம் செய்த கிரேக்கச் சொல், இரண்டாயிரத்து நானூறு வருஷம் சுற்றி நம்மிடம் வந்து, சொல் இல்லாத பகுதிக்கு மட்டும் பெயராகிவிட்டது. பிராடினாஸ் திட்டிய ஆலோஸ்காரன் ஜெயித்துவிட்டான்.

அகராதியில் இசைக்கு என்ன போட்டிருக்கிறது என்பதைவிட, நாம் எந்தச் சத்தத்துக்கு எந்த வினைச்சொல் போடுகிறோம் என்பதில்தான் உண்மையான வேலி தெரிகிறது. வீணை வாசிக்கிறார். மிருதங்கம் வாசிக்கிறார். பறை? அடிக்கிறான். இரண்டும் தோல்தான், இரண்டும் கைக்கும் காலத்துக்கும் கணக்குப் போடுகிற வேலைதான், ஆனால் ஒன்றுக்குப் படிப்பதற்குரிய வினை, 'ஆர்' விகுதியோடு. மற்றதற்கு அடிதடிக்குரிய வினை, 'ஆன்' விகுதியோடு. நடுவில் மாட்டிக்கொண்டது நாகசுரம். காற்றால் ஒலிப்பது என்பதால் 'ஊதுவது' என்பது இலக்கணப்படி சரியாகவே இருக்கலாம், ஆனால் ஒரு நாகசுரக் கலைஞரிடம் போய் 'எங்க ஊதுறீங்க' என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறிவிடும். வாசிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். இழவு வீட்டில் பெண்கள் பாடும் ஒப்பாரிக்கு மெட்டு உண்டு, எடுத்துக் கொடுப்பவர் உண்டு, சேர்ந்து வாங்குபவர்கள் உண்டு. ஆனாலும் ஒப்பாரி 'வைக்கிறார்கள்'. சமீப காலமாகப் பறைக் குழுக்கள் வேண்டுமென்றே 'பறையிசை', 'பறை இசைக்கிறோம்' என்று எழுதுவதைச் சிலர் அலங்காரப் பேச்சு என்று நினைக்கிறார்கள். எனக்கு அது ரொம்பத் தெளிவான கோரிக்கையாகப் படுகிறது, அந்த வேலிக்கு உள்ளே எங்களுக்கும் இடம் உண்டு என்பது.

1943இல் தமிழிசைச் சங்கம் சென்னையில் எழுந்தபோதும் சண்டை இதேதான், எந்த மொழிப் பாட்டு மேடையில் முக்கிய இடத்துக்கு வரலாம், எது கடைசியில் துக்கடாவாக நிற்கணும் என்பது. ஒரே நகரத்தில் ஒரு நிறுவனம் சங்கீத வித்வத் சபை, ஆங்கிலத்தில் மியூசிக் அகாடமி; அவர்கள் கொடுக்கும் பட்டம் சங்கீத கலாநிதி. இன்னொன்று தமிழிசைச் சங்கம், அவர்கள் கொடுப்பது இசைப் பேரறிஞர். எம்.எஸ். சுப்புலட்சுமி இரண்டையும் வாங்கினார், அதே குரலுக்கு.

வேலியைச் சட்டமாகவே எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. 1992 மே மாதம் இங்கிலாந்தின் காசில்மார்ட்டன் என்ற பொதுவெளியில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒலிபெருக்கிகளோடு கூடி ஒரு வாரம் போல ஆடித் தீர்த்தார்கள். ரேவ் என்பார்கள் இதை. பத்திரிகைகள் கத்தின, 1994இல் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. இரவில் திறந்தவெளியில் நடக்கும் இத்தகைய கூட்டங்களைக் கலைக்கப் போலீஸுக்கு அதிகாரம் கொடுக்கும் 63ஆம் பிரிவில், மியூசிக் என்பதற்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: திரும்பத் திரும்ப வரும் அடிகளின் தொடரால் முழுமையாகவோ பெரும்பாலோ அமைந்த ஒலிகளும் 'மியூசிக்' என்பதில் அடங்கும். இது மியூசிக்கே இல்லை, வெறும் டும்டும் சத்தம் என்று யாராவது கோர்ட்டில் வாதாடித் தப்பிவிடக் கூடாதே என்ற கவலை போலும். இதே சத்தத்தை 'இதெல்லாம் ஒரு மியூசிக்கா' என்று திட்டியவர்களின் நாட்டில், அதை மியூசிக் என்று ஒப்புக்கொண்ட முதல் பெரிய இடம் நாடாளுமன்றம், அதுவும் தடுப்பதற்காக.

ஆட்டெக்கர் என்ற இருவர் கொண்ட மின்னணு இசைக் குழுவினர் அதே வருஷம் ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதில் ஒரு உருப்படியில் எந்த இரண்டு தாளச் சுற்றும் ஒரே மாதிரி வராதபடி அடிகளை அமைத்திருந்தார்கள், திரும்பத் திரும்ப வந்தால்தானே சட்டம்? உறையின் மேல் ஒரு அறிவிப்பும் ஒட்டினார்கள். இதை வாசிக்கும் டிஜேக்கள், போலீஸ் வந்து தொந்தரவு கொடுத்தால் அடிகள் திரும்ப வரவில்லை என்று உறுதி சொல்ல, எப்போதும் ஒரு வக்கீலையும் ஒரு இசை ஆய்வாளரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று.